பறை யார் பிள்ளைக்கு வரும்?

மாசி பிறந்தால் பள்ளிகளில் ஆண்டு விழாப் பேச்சு தொடங்கிவிடும். சேரியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கும் ஆள் வரும்: "உங்க பிள்ளைகளைப் பறையடிக்க அனுப்புங்க." கலையை மேடையேற்ற நினைப்பது நல்லதுதான். அந்த 'உங்க'தான் நமக்கு உறுத்துகிறது.

வகுப்பில் பறை சொல்லித் தருபவர் எழுபதை நெருங்கும் பெரியவர். இழவு வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் கூப்பிட்டதும் போயே தீர வேண்டிய காலத்தில் அடித்தவர். பறையடிக்க மறுத்த குடும்பங்களை ஊர்விலக்கம் செய்த கதைகள் நம் ஊர்களில் கொஞ்சமா? மகன்கள் குச்சியைத் தொடக் கூடாதென்று பறையைப் பரணில் ஏற்றியவரை மறுபடி அழைத்துவரவே எங்களுக்கு ஒரு வருடம் பிடித்தது. சாவு அடியையும் சொல்லித் தருவேன், ஆனால் யார் அழைத்தாலும் பிள்ளைகள் இழவுக்கு அடிக்கப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தார்.

முதல் மாதம் குச்சியே கிடையாது. அடியை வாயால் சொல்லித் தொடையில் தட்ட வேண்டும். பிறகு வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் சுண்டுகுச்சி. அதற்கும் பிறகு பறை கட்டும் வேலை: வேப்பமரச் சட்டம் மூன்றை இரும்புத் தகட்டால் வட்டமாக இணைப்பது, பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுப்பது, தீயில் காய்ச்சிக் காதால் பதம் பார்ப்பது. இரண்டு நாள் பயிற்சிப் பட்டறைகளில் ஃபைபர் பறையோடு நாலு அடி கற்றுத் திரும்புபவர்களுக்கு இது எதுவும் தெரியாது. தீட்டென்று ஒதுக்கப்பட்ட தோல் வேலைக்குள்தான் அத்தனை நுட்பமும் இருக்கிறது.

திண்டுக்கல் சக்தி கலைக்குழு பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. நம் மாவட்டத்து அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். விருது வந்த பிறகும் பள்ளிக்கூடத்துக்குப் பறை என்றால் காலனிப் பிள்ளைதான்.

இந்த ஆண்டு கேட்டு வந்த பள்ளியிடம் இரண்டு சொன்னோம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் கற்க வேண்டும். பெரியவருக்கு ஆசிரியருக்குரிய நாற்காலியும் ஊதியமும் வேண்டும். தயங்கித்தான் ஒப்புக்கொண்டார்கள். ஊர்த்தெருவிலிருந்து நாலு பேர் சேர்ந்தார்கள். ஒரே வாரத்தில் இருவரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். மற்ற இருவரும் வருகிறார்கள். அதில் ஒரு பெண் பிள்ளைக்குச் சுண்டுகுச்சி நன்றாகப் பேசுகிறது என்கிறார் பெரியவர்.

வரும் சனிக்கிழமை தோல் ஒட்டும் பாடம். ஆளுக்கு ஒரு படி புளியங்கொட்டை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.