முயலுக்கு ஓர் இல்லம்

தமிழ்நாட்டில் முயல் என்னும் ஒரே பெயரால் இருவேறு விலங்குகள் குறிக்கப்படுகின்றன. ஒன்று, நம் காடுகளிலும் கரம்புகளிலும் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் காட்டுமுயல். திருக்குறளில் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் வரும் முயல் இதுவே. மற்றொன்று, வீடுகளில் அன்புடன் வளர்க்கப்படும் வளர்ப்புமுயல். இதன் முன்னோர் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையிலுள்ள ஸ்பெயின், போர்ச்சுகல் நாட்டுப் பகுதிகளைச் சார்ந்தவர். காட்டுமுயல் வளை தோண்டுவதில்லை. புல்லிடையிலும் புதரடியிலும் சிறு பள்ளத்தில் பதுங்கிக் கிடக்கும். அது ஈனும் குட்டிகள் மயிர் போர்த்த உடலுடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். வளர்ப்புமுயலின் இனமோ மண்ணைக் குடைந்து வளையமைத்து வாழ்வது. அதன் குட்டிகள் மயிரின்றி, கண் மூடியவாறே பிறந்து, ஏறத்தாழப் பத்து நாள் கழித்தே கண் திறக்கும். தொல்காப்பிய மரபியல் முயலின் இளமைப் பெயரைக் குருளை என்று வகுக்கின்றது. அப்பெயர் இன்று வழக்கொழிந்து, எல்லாம் குட்டி என்றே ஆகிவிட்டது.

காட்டுமுயலைப் பிடிப்பதும் அடைத்து வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளன. ஆகவே இங்குக் கூறப்படுவன யாவும் வளர்ப்புமுயலுக்கே உரியவை.

வளையே இவ்விலங்கின் இயற்கை இல்லம். கோடைப் பகலில் தரை கொதித்தாலும் இரண்டு மூன்றடி ஆழத்தில் மண் குளிர்ந்தே இருக்கும். வெயிலுக்கு அஞ்சினால் முயல் உள்ளே செல்லும். நாய்க்கும் பருந்துக்கும் அஞ்சினாலும் அங்கேயே செல்லும். அவ்விலங்கைப் பிடித்துக் கம்பிக் கூண்டில் அடைத்து முற்றத்தில் வைப்பவர், அதன் இரு காவல்களையும் ஒருங்கே பறித்தவராவர். பறித்ததை வேறு வகையால் ஈடு செய்வதே முயலுக்கு இல்லம் அமைப்பதன் முதல் நோக்கம்.

தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற நிலையங்கள் நீலகிரியிலுள்ள சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரிலும் அமைந்துள்ளன. இரண்டும் குளிர்ந்த மலையிடங்கள். பதினைந்து முதல் இருபத்தைந்து பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பமே முயலுக்கு இனியது. முப்பதைக் கடந்தால் அது வாடும். முப்பத்தைந்தைக் கடந்து வெப்பம் நீடித்தால் உயிருக்கே ஏதம் நேரும். மனிதரைப்போல் உடல் முழுதும் வியர்த்துக் குளிரும் ஆற்றல் அதற்கு இல்லை. நீண்ட செவிகளில் ஓடும் குருதியின் வழியாகவே அது தன் வெப்பத்தைப் பெரிதும் வெளியேற்றுகின்றது. அழகுக்கு அமைந்தவை என்று நாம் எண்ணும் அச்செவிகள் அதற்கு விசிறிகளாம்.

கடலூர் மாவட்டத்து நெய்வேலியோ சமவெளி ஊர். பழுப்பு நிலக்கரியை அகழ்வதற்காக 1956-ஆம் ஆண்டு நிறுவனம் தோன்றி, 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிரதமர் நேருவால் சுரங்கப்பணி தொடங்கி வைக்கப்பட்டபின், தொழிலாளர்க்காக வகுத்துக் கட்டப்பட்ட நகரம் அது. அகன்ற வீதிகளும், வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்புகளும், வீட்டைச் சுற்றித் தோட்டமும் அங்கு உண்டு. தோட்டத்து மூலையில் விறகும் மிதிவண்டியும் பழம்பொருள்களும் அடைந்து கிடக்கும் கொட்டகையை முயலில்லமாக மாற்ற நினைப்பவர்க்கு இடத்தால் குறைவில்லை. ஆனால் கோடையில் அங்கு வெப்பம் நாற்பது பாகையைத் தொடுவதும் உண்டு. அவ்வெயிலில் தகரக் கூரையின் கீழ் உச்சிவேளையில் ஒரு நாழிகை நிற்பவர், மாற்றப்பட வேண்டியது எது என்பதைத் தாமே அறிவர்.

பணி கூரையிலிருந்தே தொடங்குதல் வேண்டும். தகரமாயினும் கல்நார்த் தகடாயினும் அதனைப் பெயர்க்க வேண்டுவதில்லை. குடியிருப்பு நிறுவனத்திற்கு உரியதாயின், இசைவின்றிப் பெயர்த்தலும் இடித்தலும் ஆகா. மேலே வெண்சுண்ணாம்பு பூசினால் வெயிலின் ஒரு பகுதி திரும்பிச் செல்லும். அதற்குமேல் மூங்கில்களைக் குறுக்கே கிடத்தி, ஒரு சாண் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேய்தல் இன்னும் சிறந்தது. கீற்றுக்கும் தகரத்துக்கும் இடையே காற்று ஓடும்; வெப்பம் கீழே இறங்காது. கீற்றைத் தகரத்தின்மேல் ஒட்டப் பரப்புவோர் பாதிப் பயனையே பெறுவர். இறவாரத்தை இரண்டடி நீட்டினால் சாரலும் சாய்வெயிலும் சுவரைத் தீண்டமாட்டா. மேற்குச் சுவர் பிற்பகல் முழுவதும் காய்வதாகையால், அதன்புறம் அவரையோ பீர்க்கோ கொடியேற்றி விடலாம்.

அடுத்தது காற்று. முயலின் சிறுநீரிலிருந்து அம்மோனியா என்னும் காரமான ஆவி எழுகின்றது. தரையை ஒட்டி மூச்சுவிடும் அவ்விலங்கின் மூக்கையும் நுரையீரலையும் அது கெடுக்கும். நின்றுகொண்டு மணம் பார்ப்பவர்க்கு அது தோன்றாமற் போகலாம். குந்தி அமர்ந்து பார்த்தல் வேண்டும். எனவே மேலே சாளரம் இருப்பது மட்டும் போதாது. தரையிலிருந்து ஓரடி உயரத்திலும் எதிரெதிர்ச் சுவர்களில் துளைகள் விட்டு, அவற்றைக் கம்பிவலையால் அடைக்க வேண்டும். கொட்டகையில் முன்பு எலிமருந்தோ மண்ணெண்ணெயோ வைத்திருந்தால் தரையை நன்கு கழுவிக் காயவிடுதல் இன்றியமையாதது. முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்வன. அவற்றைத் தேய்க்க அது எதையும் கொறிக்கும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக் கூடுமாதலால், வாய்க்கு எட்டும் மரங்களிலிருந்து அதனைச் சுரண்டி எடுத்து, தூளையும் அகற்றிவிட வேண்டும்.

தரையைச் சுற்றுமண்ணினும் அரையடியேனும் உயர்த்தல் நன்று. அனல்மின் நிலையச் சாம்பலால் செய்த செங்கற்களை இதற்குப் பயன்படுத்தலாம். கம்பிவலைத் தரை கழுவுவதற்கு எளிது என்று சிலர் விரும்புவர். அது வளர்ப்போர்க்கு எளிதேயன்றி முயலுக்கு இனிதன்று. அதன் பாதத்தில் நாய்க்கும் பூனைக்கும் உள்ளதுபோன்ற தடித்த மெத்தை இல்லை, மயிரே உண்டு. கம்பியில் நின்று நின்று குதிகால் புண்ணாகும். செங்கல் தரையில் வைக்கோல் பரப்பி, நனைந்த வைக்கோலை நாள்தோறும் மாற்றுவதே தக்கது.

இவற்றோடு வளையின் குளிர்ச்சியைத் தரும் பொருள் ஒன்றும் வேண்டும். அது நம் குயவர் செய்யும் பெரிய மண்பானையே. வாயகன்ற பானை ஒன்றைப் பக்கவாட்டில் கிடத்தி, வாய் மட்டும் தெரியுமாறு மண்ணாலும் மணலாலும் மூடி, அம்மண்ணை அவ்வப்போது நனைத்து வந்தால் உள்ளே குளிர்ச்சி தங்கும். துனிசியா முதலிய வெப்ப நாடுகளில் முயலுக்கு நிலத்தடி அறைகள் அமைப்பதும் இக்கருத்தைப் பற்றியதே. கடுங்கோடையில் குப்பியில் நீரை உறையவைத்துத் துணி சுற்றி உள்ளே இட்டால், முயல் அதன்மேல் சாய்ந்து கிடப்பதைக் காணலாம். வாய் திறந்து மூச்சு வாங்கி, எச்சில் ஒழுகச் செயலற்றுக் கிடக்கும் முயலுக்கு வெப்பம் தாக்கியது என்று உணர்ந்து, நிழலுக்குக் கொணர்ந்து, செவிகளைத் தண்ணீரால் நனைத்து, காலந்தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். பனிக்கட்டி நீரில் அமிழ்த்துவது பெருந்தவறு.

இனிக் கொட்டகையை ஒட்டி அமைக்கும் உலாவிடத்தைப் பற்றிக் காண்போம். முயல் ஓடவும் தாவவும் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கவும் வேண்டும். இரண்டு முயல்களுக்குப் பத்தடி நீளமும் ஆறடி அகலமும் சுருங்கிய அளவெனக் கொள்ளலாம். உயரம் ஆறடியாயின் துப்புரவு செய்வோர் குனிய வேண்டியதில்லை. கோழிவலை இதற்கு உதவாது. அதன் மெல்லிய கம்பியை முயல் கடித்து அறுக்கும், நாய் கிழித்துவிடும். கடைகளில் வெல்டு மெஷ் என்று விற்கப்படும், அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த வலையே வேண்டும். கண் பெரிதாயின் பாம்பு நுழையும். கீரிப்பிள்ளைக்கும் சிறு சந்து போதும். மேற்புறத்தையும் வலையால் மூடி, அதன்மீது பீர்க்கங்கொடியைப் படரவிட்டால் பந்தலுமாகும், கறியுமாகும்.

சுற்றிலும் மேலும் காத்தவர் பலர் கீழே காவாது விடுகின்றனர். தோண்டுவது முயலின் பிறவித் தொழில். 1859-ஆம் ஆண்டில் தாமஸ் ஆஸ்டின் என்னும் செல்வர் இங்கிலாந்திலிருந்து வரவழைத்து ஆஸ்திரேலியாவில் விட்ட சில முயல்களின் வழி, அக்கண்டத்தின் பெரும்பகுதி முயற்காடாயிற்று. அவற்றைத் தடுக்க மேற்கு ஆஸ்திரேலிய அரசு 1901 முதல் 1907 வரை மூன்று வேலிகளாக மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கம்பிவேலி போட்டது. தோண்டி நுழையாதிருக்க வலையின் அடிப்பகுதியை மண்ணிலும் புதைத்தது. எனினும் வேலி முடியுமுன்பே முயல்கள் அதன் மறுபுறம் சென்றுவிட்டன. வீட்டு உலாவிடத்தில் அத்துணை இடர் இல்லை. வலையை ஒன்றரை அடி ஆழம் புதைக்கலாம். அன்றி, தரைமட்டத்தில் வெளிப்புறமாக இரண்டடி மடித்துக் கிடத்தி மண்ணால் மூடலாம். பின்னது எளிது. வெளியே நின்று வேலியடியில் தோண்டும் நாயை அது தடுக்கும். உள்ளே முயல் குடையும் இடத்தை நாள்தோறும் பார்த்து, குழியைத் தூர்த்துவிட வேண்டும்.

கொட்டகையின் பெருங்கதவைத் திறந்தே வைத்தல் கூடாது. கோட்டைக் கதவுகளில் ஒருவர் மட்டும் நுழையுமாறு அமைத்த சிறு கதவைத் திட்டிவாசல் என்பர். அதுபோல் ஒரு சாண் அகலமும் அதனினும் சிறிது மிகுந்த உயரமும் உள்ள திட்டிவாசலைக் கொட்டகைச் சுவரின் அடியில் அமைத்து, மேலிருந்து தூக்கும் பலகைக் கதவை இட்டால் முயல் விரும்பியபோது வரும், போகும். காலையிலும் அந்திப்பொழுதிலும் ஊக்கம் மிகுவது அதன் இயல்பு. அவ்வேளைகளில் திறந்துவிட்டு, கோடை நண்பகலிலும் இரவிலும் பலகையை இறக்கி மூடுக. உலாவிடத்தில் அருகம்புல் தழைக்கவிடலாம். அரளியும் எருக்கும் அணுகவும் இருத்தல் ஆகா.

முயல் துணை விரும்பும் விலங்கு. ஆயினும் ஆணும் பெண்ணுமாக ஒன்றாய் விடுவோர் எண்ணிப் பார்த்தே விடவேண்டும். சூல்கொண்டு ஏறத்தாழ முப்பத்தொரு நாளில் ஈன்றுவிடும் அதற்கு, எவ்வளவு பெரிய கொட்டகையும் ஓராண்டில் போதாதாகும்.

நெய்வேலியில் கோடைக்கு அஞ்சுவதுபோல் ஐப்பசி, கார்த்திகைக்கும் அஞ்சுதல் வேண்டும். ஈரம் முயலுக்கு வெப்பத்தினும் குறைந்த பகையன்று. மழைக்குமுன் உலாவிடத்தைச் சுற்றி வடிகால் எடுத்து, கீற்றை மாற்றி, கயிற்றால் இறுகக் கட்டுக. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கடலூர், புதுச்சேரிக் கரையைக் கடந்த தானே புயல் நெய்வேலியின் எண்ணற்ற மரங்களை வேரோடு சாய்த்தது. உலாவிடத்துக்கு நிழல் வேண்டும் என்று முதிர்ந்த மரத்தின் நேர்கீழே அமைப்பவர் அந்நாளை நினைவிற் கொள்க. பட்ட கிளைகளை ஆவணியிலேயே கழித்துவிடுக. புயலெச்சரிக்கை வந்த மாலையில் முயல்களை மூங்கிற்கூடையில் இட்டு வீட்டினுள் கொணர்ந்து, கூடையைப் பழந்துணியால் பாதி மூடி, நாய் செல்லாத அறையில் வைத்தல் வேண்டும். இருள் சூழ்ந்த கூடையை அவை வளையெனக் கருதி அடங்கிக் கிடக்கும்.