குளிரில் கிளம்ப மறுக்கும் கேரவன்

டிசம்பர் விடுமுறையில் பெரியவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு மணாலி, ஸ்ரீநகர் என்று கேரவனில் புறப்படும் அன்பர்கள் கவனத்துக்கு! விடியற்காலைக் குளிரில், மலைப்பாதையில் டீசல் வண்டி கிளம்பாவிட்டால் பதற வேண்டாம். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறதா? பாட்டரியைச் சந்தேகிக்கலாம். உள்ளே விளக்கு எரிகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். பல கேரவன்களில் விளக்குக்கும் விசிறிக்கும் தனி பாட்டரி உண்டு. முழுதும் சார்ஜ் ஏறிய என்ஜின் பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். முனைகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் துடைத்து இறுக்குங்கள்.

என்ஜின் சுழன்றும் பிடிக்கவில்லையா? டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. குளோ பிளக் உள்ள வண்டியானால், அதன் விளக்கு அணைந்த பிறகே செல்ஃப் போடுங்கள். பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் போடாமல் இடைவெளி விடுங்கள்.

அடுத்தது டீசல். கடுங்குளிரில் அதிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். இதற்காகவே இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல், மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை லடாக்குக்கென அறிமுகப்படுத்தியது. மற்ற இடங்களில் வெயில் ஏறும்வரை காத்திருப்பதே நல்லது. டாங்கிக்கு அடியில் நெருப்பு மூட்டுவது உயிருக்கே ஆபத்து! கதவுகளை அடைத்துக்கொண்டு உள்ளே கரியடுப்பு வைப்பதும் அப்படியே.

இன்ஜெக்டர் குழாய்களை மட்டும் நீங்களே அவிழ்க்காதீர்கள். அது மெக்கானிக்கின் வேலை. கம்பளியும் ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் கையோடு இருக்கட்டும்.