கேட்டும் படித்தும் ஒரு கடற்பயணம்

வாசிப்புப் பழக்கமுடைய பலர், சிகிச்சைக் காலத்தில் இரண்டு பக்கங்களுக்கு மேல் படிக்க இயலவில்லை என வருந்துவதுண்டு. மருந்தின் அயர்வு, உறக்கக் குறைவு, கண்களின் சோர்வு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். டிரிப்ஸ் ஏறும் கையால் கனத்த புத்தகத்தைப் பிடிப்பதும் எளிதன்று. இத்தகையோர் ஒரே நூலை ஒலிநூலாகவும் மின்னூலாகவும் மாற்றி மாற்றி அனுபவிக்கலாம் என்பது எமது பரிந்துரை.

இதற்கு ஏற்றதொரு நூல், பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் எழுதிய ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’. 1869-70இல் தொடராக வெளிவந்த நாவல் இது. தலைப்பிலுள்ள எண் ஆழத்தைக் குறிப்பதன்று. நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் கடலடியில் கடக்கும் தொலைவைக் குறிப்பது. ஒரு லீக் 4 கிலோமீட்டர் எனக் கொண்டால், அது 80,000 கிலோமீட்டர். அதாவது, பூமியை இருமுறை சுற்றும் தூரம். நாவலில் 47 அத்தியாயங்கள் உள்ளமையால், நாளுக்கு ஒன்றாகச் சுவைக்கலாம். பேராசிரியர் அரோனாக்ஸ் தாமே கதையைக் கூறுவதால், ஒருவர் அருகிலமர்ந்து சொல்வது போலவே ஒலிநூல் அமைகிறது.

இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில், இலங்கையை ஒட்டிய மன்னார் வளைகுடாவின் முத்துச் சிலாபத்திற்குக் கப்பல் வருகிறது. சுறாவிடமிருந்து ஓர் ஏழை முத்துக்குளிப்பவரைக் கேப்டன் நெமோ காக்கும் அத்தியாயம், தமிழ் வாசகர்களுக்கு மிக நெருக்கமானது.

எதை எப்போது?

டயாலிசிஸின்போதும், கண்களை மூடி ஓய்வெடுக்கும்போதும் ஒலிநூல் துணை நிற்கும். அரோனாக்ஸ் மீன்களையும் கடற்செடிகளையும் நீளமாகப் பட்டியலிடும் பகுதிகளில் காது களைத்துவிடும். அங்கே எழுத்தைப் பெரிதாக்கி மின்னூலில் படிக்கலாம்; வேண்டாதவற்றைக் கடந்தும் செல்லலாம். கேட்கையில் உறங்கிவிட்டால், விட்ட இடத்தை மின்னூலில் எளிதில் கண்டறியலாம்.

இரண்டிலும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரே எனச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1870களில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் மூலத்தின் ஏறத்தாழக் கால் பங்கு நீக்கப்பட்டது. அதுவே இன்றும் பரவலாகக் கிடைக்கிறது. முழுமையான ஆங்கில மின்னூல் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்திலும், ஆங்கில ஒலிநூல்கள் லிப்ரிவாக்ஸ் தளத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆங்கிலம் பழகாதோர்க்கு, உடனிருப்பவர் படித்துவிட்டுத் தம் சொற்களில் கதை சொல்லலாம். அதுவும் ஒலிநூலே.

உடனிருப்போர் கவனத்திற்கு

• ஒரு காதில் மட்டும் இயர்போன் அணிவியுங்கள். செவிலியர் அழைப்பதும் கருவிகளின் எச்சரிக்கை ஒலியும் கேட்க வேண்டும். ஒருவருடைய இயர்போனை மற்றவர் பயன்படுத்த வேண்டா.

• இரவில் திரையின் ஒளியைக் குறையுங்கள். ஒலிநூல் தானே நின்றுவிடும் வகையில் நேரத்தை அமைத்து வையுங்கள்.

• இரண்டாம் பாகத்தின் 16ஆம் அத்தியாயத்தில், பனிக்கட்டிக்குள் சிக்கிய கப்பலில் காற்று தீர்ந்து அனைவரும் மூச்சுக்குத் தவிப்பர். மூச்சுத்திணறல் உள்ளவர்களையும் பதற்றம் மிகுந்தவர்களையும் இப்பகுதி கலக்கக்கூடும். அவர்கள் தப்பிவிடுவார்கள் என்பதை முன்னரே கூறிவிடுங்கள். அல்லது அந்த அத்தியாயத்தை விட்டுவிடுங்கள்.

நூலை முடித்தே தீர வேண்டும் என்னும் கட்டாயம் எவர்க்கும் இல்லை. இன்று பத்து நிமிடம் கேட்டது போதுமெனத் தோன்றினால், அதுவே போதும். கதை நாளையும் காத்திருக்கும்.