பெருநிறுவனங்களில் 'வழிகாட்டி' முறை: ஊழியர்களுக்கு எவ்வாறு உதவுகிறது?

பெருநிறுவனங்களில் சேரும் ஊழியர்களுக்கு வேலையைக் கற்றுத்தரப் பயிற்சி வகுப்புகள் உள்ளன. ஆனால், எந்தப் பிரிவுக்கு மாறலாம், எந்தப் பொறுப்பைக் கேட்டுப் பெறலாம் என்பதை அனுபவம் மிக்கவர்களிடமே அறிய முடியும். இதற்காகவே பல நிறுவனங்கள் மூத்த அலுவலர்களை வழிகாட்டிகளாக நியமிக்கின்றன.

இந்தியாவில் இளம் நிர்வாகிகளை உருவாக்கும் முயற்சி பழமையானது. ஜே.ஆர்.டி. டாடா 1956-ஆம் ஆண்டு தொடங்கிய 'டாடா நிர்வாகப் பணி' திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. அதில் தேர்வானவர்கள் குழுமத்தின் வெவ்வேறு நிறுவனங்களில் பணியாற்றி அனுபவம் பெற்றனர்.

பொதுவாக, நேரடி மேலாளர் வழிகாட்டியாக நியமிக்கப்படுவதில்லை. ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவரிடம் தனது குறைகளைக் கூற ஊழியர் தயங்கக்கூடும் என்பதே காரணம்.

இளையவர்கள் மூத்தவர்களுக்குக் கற்பிப்பதும் உண்டு. 1999-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத் தலைவர் ஜாக் வெல்ச், இளம் ஊழியர்களிடம் இணையப் பயன்பாட்டைக் கற்குமாறு உயரதிகாரிகளுக்கு உத்தரவிட்டார்.

மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண்களுக்கு இந்த உதவி மிகவும் அவசியம். 2017-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பை உறுதி செய்தது. எனினும், அந்த இடைவெளியில் முக்கியப் பணிகள் பிறரிடம் சென்றுவிடுவதுண்டு. அவற்றை மீண்டும் பெற ஆலோசனை மட்டும் போதாது. பதவி உயர்வு முடிவாகும் கூட்டத்தில் அவரது திறனை எடுத்துரைத்துப் பரிந்துரைக்கும் மூத்தவர் ஒருவரும் தேவை.