கல்லாகி கிடக்கும் 2 கோடி வருஷத்து காடு... புதுவைக்கு பக்கத்திலேயே இருக்கு!

புதுவை:

பவுர்ணமி வந்தால் போதும். புதுவையில் இருந்து திருவக்கரைக்கு கூட்டம் கூட்டமாக ஜனங்கள் கிளம்பி விடுகிறார்கள். வக்கிரகாளியம்மனை கும்பிட்டு, இரவு ஜோதி தரிசனம் பார்த்து, எலுமிச்சம் பழ மாலை, குங்குமம் எல்லாம் வாங்கிக்கொண்டு அப்படியே ஊர் திரும்பி விடுகிறார்கள்.

ஆனால் அதே ஊருக்கு கிழக்கே சுமார் 1 கிலோ மீட்டர் தூரத்தில் ஒரு காடே கல்லாகி படுத்து கிடக்கிறது. வருஷத்துக்கு 12 பவுர்ணமிக்கும் தவறாமல் போகிறவர்களில் கூட பல பேர் அந்த பக்கம் எட்டிப்பார்த்தது இல்லை!

அதுதான் திருவக்கரை தேசிய கல்மர பூங்கா.

ஊஞ்சல் இருக்காது, சறுக்கு மரமும் இருக்காது

விழுப்புரம் மாவட்டம் வானூர் தாலுகாவில் இருக்கிறது திருவக்கரை. புதுவையில் இருந்து சுமார் 30 கிலோ மீட்டர். 1940-ம் ஆண்டு மத்திய அரசின் இந்திய புவியியல் ஆய்வுத்துறை இந்த பூங்காவை உருவாக்கியது. மொத்த பரப்பு சுமார் 247 ஏக்கர். ஒரே இடமாக இல்லாமல் 9 துண்டுகளாக பிரிந்து கிடக்கிறது. இதில் ஒரு சின்ன பகுதியைத்தான் பொதுமக்கள் சுற்றிப்பார்க்க முடியும்.

"பூங்கா" என்று பேர் இருப்பதால் ஊஞ்சல், சறுக்கு மரம், மான், மயில் எல்லாம் இருக்கும் என்று பிள்ளைகளை கூட்டிப்போனால் ஏமாற்றம்தான். புலி, யானை இருக்கும் தேசிய பூங்காவும் இது கிடையாது. செம்மண் தரை, முள்செடி, புதர். நடுவே இங்கே ஒன்று, அங்கே ஒன்று என உருண்டையாக நீள நீளமாக கிடக்கும் கட்டைகள். பார்த்தால் அறுப்பு மில் வாசலில் இறக்கிப்போட்ட மரம் மாதிரியே இருக்கும். கையை வைத்தால்தான் விஷயம் தெரியும். ஜில்லென்ற பாறை!

சுமார் 200 கல்மரங்கள் இங்கே இருக்கின்றன. 3 மீட்டரில் இருந்து 15 மீட்டர் நீளம் வரை உண்டு. வயசு சுமார் 2 கோடி ஆண்டுகள். மனுஷன் என்ற ஜாதியே பூமியில் தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள். அப்படியானால் இந்த மரங்கள் எவ்வளவு மூத்தவை என்று கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

மரம் எப்படி கல்லானது?

"மரம் செத்தால் மக்கித்தானே போகும்? இது மட்டும் எப்படி கல்லாச்சு?" என்பதுதான் இங்கே வரும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி.

சாதாரணமாக மரம் விழுந்தால் கரையான் அரிக்கும். பூஞ்சை பிடிக்கும். காற்றும் ஈரமும் பட்டு சில வருஷத்தில் மண்ணோடு மண்ணாகி விடும். ஆனால் விழுந்த மரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து, மேலே வண்டி வண்டியாக மணலை கொட்டி மூடிவிட்டால் கதை மாறிவிடும். காற்று புகாது. மக்குவது நின்று போகும்.

அதன்பிறகு நிலத்தடி நீர் வேலையை ஆரம்பிக்கும். மணலில் இருக்கும் சிலிக்கா என்ற பொருள் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக கரைந்து மரத்துக்குள் இறங்கும். கண்ணாடி செய்ய பயன்படுகிறதே, அதே சிலிக்காதான். மரத்தின் நுண்ணிய அறைகளில் அது போய் உட்கார்ந்து இறுகும். மரம் கொஞ்சம் கரைய, அந்த இடத்தை கல் பிடிக்கும். இப்படியே நீண்ட காலம் நடந்து முடியும்போது மரம் போய்விடும், மரத்தின் அச்சு அப்படியே கல்லாக நின்றுவிடும்.

அதனால்தான் கணுவும் வைரக்கோடும் இன்னும் தெரிகின்றன. சில கட்டைகளில் வெட்டுப்பக்கத்தில் வளையம் வளையமாக இருப்பதையும் பார்க்கலாம். எடைதான் மாறிப்போச்சு. ஒரு கன அடி கல்மரம் சுமார் 70 கிலோ இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்காது, பொட்டென்று அடியில் போய்விடும்.

வேரும் இல்லை, கிளையும் இல்லை

இந்த மரங்கள் இதே இடத்தில் வளர்ந்தவையா? இல்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதற்கு துப்பு அந்த கட்டைகளிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு மரம்கூட நின்ற நிலையில் இல்லை. எல்லாம் படுத்த நிலைதான். வேர் இல்லை. கிளை இல்லை. இலை இல்லை. பட்டைகூட உரிந்து போயிருக்கிறது. வேரோடு பிடுங்கி, உருட்டி, மோதி, கிளைகளை எல்லாம் ஒடித்து வெகுதூரம் இழுத்து வந்தால்தான் இப்படி மொட்டைக்கட்டையாக ஆகும். பெரும் வெள்ளம்தான் இந்த வேலையை செய்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

புதுவை மக்களுக்கு இதை விளக்கி சொல்ல வேண்டியதே இல்லை. 2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பெஞ்ஜல் புயல் புதுவை அருகே கரையை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டி மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியது. வெள்ளத்துக்கு முன்னால் மரம் எல்லாம் தீக்குச்சி மாதிரி என்பதை நேரில் பார்த்தவர்கள் நாம்.

என்னென்ன மரம்?

கல்லை கண்ணாடி போல மெல்லிசாக சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து பார்த்து இது இன்ன மரம் என்று கண்டுபிடிக்கிறார்கள். மருது மர குடும்பம், புளிய மர குடும்பம், ஆமணக்கு குடும்பம், குங்கிலிய மர குடும்பம் என்று நமக்கு தெரிந்த மரங்களின் பாட்டன், முப்பாட்டன் எல்லாம் இதில் உண்டு. கூடவே பூ பூக்காத ஊசியிலை வகை மரமும் இருக்கிறது. அந்த மாதிரி மரக்காடு இன்றைக்கு இந்த வட்டாரத்தில் கிடையாது. அந்த காலத்தில் இந்த பக்கத்து காடும் மழையும் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இந்த கல் ஒவ்வொன்றும் சாட்சி.

1781-ம் ஆண்டிலேயே சொன்னேரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இந்த கல்மரங்களை பற்றி பதிவு செய்திருக்கிறார். பிறகு ஜெர்மனி ஆய்வாளர்கள் வரை இதன் துண்டுகளை வைத்து ஆராய்ச்சி நடத்தினார்கள். 1931-ல் நம் நாட்டின் புகழ் பெற்ற தாவர விஞ்ஞானி பீர்பால் சஹானியும் திருவக்கரை ஊசியிலை மரத்தை ஆராய்ந்து எழுதினார். ஊர் உலகத்துக்கே தெரிந்த இடம், உள்ளூர்க்காரனுக்கு தெரியவில்லை!

உள்ளூரில் வேறு ஒரு கதையும் உண்டு. வக்கராசுரன் என்ற அசுரன் வதம் செய்யப்பட்ட இடம் திருவக்கரை என்பது தல புராணம். அந்த அசுரனின் எலும்புகள்தான் இப்படி கல்லாக கிடக்கின்றன என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. செத்துப்போன ஒன்று கல்லாக மாறியிருக்கிறது என்பதை அறிவியல் வருவதற்கு முன்பே ஊர் ஜனம் புரிந்து வைத்திருக்கிறது.

உங்க வீட்டு தண்ணீருக்கும் சம்பந்தம் உண்டு

இந்த மரங்களை மூடிய மணல் அடுக்குக்கு கடலூர் மணற்கல் என்று பேர். வானூர், ஆரோவில் பக்கம் தெரியும் செம்மண் மேடு எல்லாம் இதுதான். பொம்மையார்பாளையம் பக்கத்தில் மழை தண்ணீர் அறுத்து அறுத்து பள்ளத்தாக்கு மாதிரி ஆக்கி வைத்திருக்கும் சிவப்பு மண் ஓடைகளும் இதே மண்தான்.

நெய்வேலியிலும் இதே மணல் அடுக்குக்கு கீழேதான் பழுப்பு நிலக்கரி கிடைக்கிறது. அதுவும் ஒரு பழங்கால காடுதான். அங்கே காடு கரியாச்சு, இங்கே காடு கல்லாச்சு. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த கரியில் எடுக்கும் கரண்ட் புதுவைக்கும் வருகிறது.

இன்னொரு முக்கியமான விஷயம். புதுவை, பாகூர், வில்லியனூர் பக்கம் போர் போட்டு எடுக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இந்த மணற்கல் அடுக்கு மழையை குடித்து சேர்த்து வைத்ததுதான். மேட்டு நிலத்தில் மழை இறங்கினால்தான் கீழே ஊறும். மேலே மண்ணை அள்ளிவிட்டு கீழே மோட்டாரை போட்டு இழுத்துக்கொண்டே இருந்தால் கடல் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். கடலோர பகுதிகளில் உப்பு தண்ணீர் பிரச்சினை தலைதூக்க இதுவும் ஒரு காரணம்.

ஒரே நாளில் சுற்றி வரலாம்

திருவக்கரை சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கிறது. செஞ்சி மலைப்பக்கம் பிறக்கும் இந்த ஆறு வீடூர் அணையை தாண்டி, திருவக்கரை, வில்லியனூர் வழியாக வந்து நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு பக்கம் கடலில் கலக்கிறது. இந்த ஆற்றை பிடித்துக்கொண்டே போனால் ஒரு நாள் டூர் ரெடி.

ஊசுட்டேரி: நகரில் இருந்து சுமார் 10 கிலோ மீட்டர். பத்துக்கண்ணு ரோட்டில் இருக்கிறது. சுத்துக்கேணி வாய்க்கால் மூலம் சங்கராபரணி தண்ணீர்தான் இங்கே வருகிறது. ஏரியின் புதுவை பகுதி 2008-லும், தமிழக பகுதி 2014-லும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலையில் சீக்கிரம் போனால் நாமக்கோழி, கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை என கண்ணுக்கு விருந்து.

திருவக்கரை கோவில்: மூன்று முகம் கொண்ட லிங்கமாக சந்திரமவுலீஸ்வரர் காட்சி தருகிறார். திருஞானசம்பந்தர் பாடிய தலம். ராஜகோபுரம், கொடிமரம், நந்தி எல்லாம் நேர்க்கோட்டில் இல்லாமல் சற்று விலகி இருப்பது இங்கே விசேஷம்.

கல்மர பூங்கா: வெயில் ஏறும் முன்பு போய்விடுவது நல்லது. குடை, குடிதண்ணீர், கால்செருப்பு அவசியம். தரை எங்கும் முள்.

வீடூர் அணை: 1959-ல் கட்டி முடிக்கப்பட்டது. மழைக்காலத்தில் நிரம்பி நிற்கும்போது பார்க்க நன்றாக இருக்கும்.

அரிக்கமேடு: திரும்பும்போது அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இதையும் பார்க்கலாம். 2 ஆயிரம் வருஷத்துக்கு முன்பு ரோம் நாட்டோடு வியாபாரம் நடந்த இடம். 1945-ல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழாய்வு செய்தார்.

டூ வீலர் இல்லாதவர்கள் மயிலம் வழியாக செல்லும் திண்டிவனம் பஸ்சில் ஏறி பெரும்பாக்கத்தில் இறங்கி திருவக்கரை போகலாம். பவுர்ணமி நாளில் கூட்டம் அலைமோதும். கல்மரம் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் மற்ற நாளில் போவதே சவுகரியம்.

ஒரு எச்சரிக்கை. திருவக்கரையை சுற்றி கல்குவாரிகள் நிறைய உண்டு. கைவிடப்பட்ட குவாரி குட்டைகளில் தண்ணீர் பச்சை பசேலென்று அழகாக இருக்கும். ஆழம் தெரியாது, ஏற படியும் இருக்காது. இப்படிப்பட்ட குட்டைகளில் குளிக்க இறங்கி வாலிபர்கள் உயிரை விட்ட சம்பவங்கள் உண்டு. பிள்ளைகளை அந்த பக்கம் விடவே கூடாது.

கல்லை எடுக்காதீங்க!

பூங்காவுக்கு வரும் சிலர், "சின்ன துண்டுதானே... ஞாபகத்துக்கு இருக்கட்டும்" என்று பையில் போட்டுக்கொள்வது உண்டு. மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுப்பது, பெயரை செதுக்குவது இதெல்லாமும் நடக்கிறது. 2 கோடி வருஷம் தாங்கிய மரம், நம்ம 2 நிமிஷ வேலையில் சேதமாகி விடுகிறது.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்திலும் இதே போல கல்மர காடு இருக்கிறது. அங்குள்ள மரங்களுக்கு வயசு 20 கோடி ஆண்டுக்கும் மேல். 1962-ல் அதை தேசிய பூங்காவாக்கினார்கள். அங்கே கல்லை திருடிப்போனவர்களில் பல பேர், "இதை எடுத்து வந்ததில் இருந்து வீட்டில் ஒன்றும் சரியில்லை, மன்னிச்சிடுங்க" என்று கடிதம் எழுதி கல்லை பார்சலில் திருப்பி அனுப்புகிறார்களாம். ஆனால் வந்த கல்லை பழைய இடத்தில் வைக்க முடிவதில்லை. எந்த இடத்தில் எடுத்தது என்று தெரியாதே! எனவே ஓரமாக ஒரு குவியலாக கொட்டி வைத்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அது சாட்சி. எந்த மண்ணில், எந்த பக்கம் பார்த்து, எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் வெள்ளம் வந்த திசை முதல் காட்டின் வயசு வரை சொல்ல முடியும். வீட்டு ஷோகேசுக்கு வந்துவிட்டால் வெறும் கல். அதற்கு தெருவில் கிடக்கும் ஜல்லியே போதும்.

தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரிலும் கல்மரம் இருக்கிறது. 18 மீட்டர் நீளத்தில், சுமார் 12 கோடி வருஷம் பழசு. ஆனால் புதுவைக்காரர்களுக்கு கைக்கு எட்டிய தூரத்தில் இருப்பது திருவக்கரைதான்.

அடுத்த தடவை காளியம்மனை கும்பிட போகிறவர்கள் ஒரு அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த பக்கம் நடந்துவிட்டு வரலாம். தொட்டு பார்க்கட்டும். அப்படியே விட்டுவிட்டு வரட்டும். அவங்க பிள்ளைகளுக்கும் பார்க்க இருக்கணும் இல்லையா!