நாளைய நட்சத்திரங்களின் இன்றைய கையெழுத்து



ஆண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். "எல்லாரும் கம்ப்யூட்டரும் காலமும், மரம் வளர்ப்போம்னுதான் எழுதுவாங்க. நீ வேற ஏதாவது எழுதுடா" என்றான் ரூம்மேட். அதனால்தான் இந்த விஷயம். அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்தால் சில பேர் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சின்னச் சின்ன பேஸ்பால் மைதானங்களுக்குப் போவார்கள். எதற்கு? பெயர் தெரியாத வீரர்களிடம் ஆட்டோகிராஃப் வாங்க!

"நீ அமெரிக்கா போயிருக்கியா?" என்று கேட்காதீர்கள். நான் சென்னையையே தாண்டியதில்லை. பேஸ்பால் மட்டையைக் கையால் தொட்டதும் இல்லை. ஏ.ஆர்.ரஹ்மான் இசை என்பதற்காக 'மில்லியன் டாலர் ஆர்ம்' (2014) படத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். அதில் ஆரம்பித்த பைத்தியம் இது.

அந்தப் படம் உண்மைக் கதை. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் பையன்கள், 2008-ல் நடந்த ஒரு பந்து வீச்சுப் போட்டி மூலம் தேர்வானார்கள். அதே ஆண்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கிளப்பில் ஒப்பந்தம் ஆனார்கள். 2009-ல் ஃபுளோரிடாவில் அந்தக் கிளப்பின் கீழ்மட்ட அணியில் ஆடினார்கள். சினிமா அங்கே சந்தோஷமாக முடிகிறது. ஆனால் இருவருமே கடைசிவரை மேல்மட்டத்துக்குப் போகவில்லை. அப்படியென்றால் கீழ்மட்டம் என்பது என்ன? அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்கள் கதி என்ன? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடித்தான் நான் படிக்க ஆரம்பித்தேன்.

ஏணியின் நான்கு படிகள்

அமெரிக்க பேஸ்பாலில் உச்சியில் இருப்பது மேஜர் லீக். அதில் 30 கிளப்புகள். கிளப்புக்கு 26 வீரர்கள் என்று வைத்தால் மொத்தம் 780 இடம்தான். அதற்குக் கீழே இருப்பது மைனர் லீக். ஒவ்வொரு கிளப்புக்கும் நான்கு படிகளில் நான்கு அணிகள்: லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. ஆக 120 அணிகள். இதற்கும் கீழே புதியவர்களுக்கான பயிற்சி லீக்குகள் வேறு. முன்பு 160 அணிகள் இருந்தன. கொரோனாவால் 2020-ல் மைனர் லீக் ஆட்டம் மொத்தமும் ரத்தானது. 2021-ல் மறுபடி தொடங்கும்போது 120 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

நம்ம பாஷையில் சொன்னால் இது செமஸ்டர் மாதிரி. ஆனால் இங்கே அரியர் வைத்து மேலே போக முடியாது. மேலே தூக்குவதும் கீழே இறக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் கிளப் கையில். உச்சியைத் தொடுபவர்கள் மிகச் சிலரே.

பெரிய ஆள் என்றாலும் இங்கே சலுகை கிடையாது. கூடைப்பந்தில் உலகமே கொண்டாடிய மைக்கேல் ஜோர்டான் 1994-ல் பேஸ்பாலுக்கு வந்தார். பர்மிங்ஹாம் ஊரின் டபுள்-ஏ அணியில் 127 ஆட்டம் ஆடினார். சராசரி .202. அதாவது ஐந்து முறை மட்டை பிடித்தால் ஒரு முறைதான் ஹிட்! அவரே பஸ்ஸில் ஊர் ஊராகப் போனவர்தான்.

பந்தும் பேனாவும்

மேஜர் லீக் நட்சத்திரத்தின் பக்கத்தில் போவது கஷ்டம். மைனர் லீக்கில் அப்படி இல்லை. மைதானம் சின்னது. வேலி இடுப்பு உயரம்தான். கேட் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய், வீரர்கள் உட்காரும் இடத்துக்கு ஓரமாக நின்றுகொண்டால் போதும். பயிற்சி முடித்துத் திரும்பும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் நின்று போட்டுக் கொடுப்பார்கள்.

இதற்கென்று சில நுணுக்கங்கள் உண்டு. மெக்கானிக்கல்காரன் என்பதால் எனக்கு இவை பிடித்தன.

1. பந்தின் எடை 142 முதல் 149 கிராம் வரை. உள்ளே கார்க்கும் ரப்பரும் சேர்ந்த உருண்டை, அதைச் சுற்றி கம்பளி நூல், மேலே மாட்டுத்தோல், 108 இரட்டைத் தையல். இரண்டு பக்கத் தையலும் நெருங்கி வரும் குறுகிய இடத்தை 'ஸ்வீட் ஸ்பாட்' என்பார்கள். கையெழுத்து அங்கே விழுந்தால்தான் மதிப்பு.

2. பந்தில் எழுத நீல நிற பால்பாயின்ட் பேனா. மார்க்கர் பேனா என்றால் மை நாளாக நாளாகத் தோலில் ஊறிப் பரவிவிடும். வீரர் படம் போட்ட அட்டைகளுக்குத்தான் மார்க்கர்.

3. அட்டை பளபளப்பாக இருந்தால் மை ஒட்டாது. அதனால் முந்தின நாளே குழந்தை பவுடரை லேசாகத் தேய்த்துத் துடைத்து வைப்பார்கள். நம்ம டிராயிங் ஷீட்டுக்கும் இது உதவுமா என்று யாரும் முயற்சி செய்ய வேண்டாம்!

4. அன்றைக்கு முதலில் பந்து வீசப்போகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. அவர் வைவாவுக்கு வெளியே நிற்கும் மாணவன் மாதிரி. மற்ற நாளில் கேட்டால் கொடுப்பார்.

5. ஒரே ஆளிடம் பத்து அட்டை நீட்டக் கூடாது. விற்பதற்கு வாங்குகிறான் என்று தெரிந்துவிடும். "என் பெயரையும் சேர்த்து எழுதுங்க" என்று கேட்டால் வீரர் முகம் மலரும். ஏனென்றால் பெயர் எழுதியதை விற்பது கஷ்டம்.

ஒரு வாரம், ஆறு ஊர்

நான் அட்லஸை வைத்துக்கொண்டு நோட்டில் ஒரு பயணம் போட்டுப் பார்த்தேன். இடம், வட கரோலினா மாநிலம்.

முதலில் டர்ஹாம். 'புல் டர்ஹாம்' (1988) படத்தால் புகழ்பெற்ற டிரிபிள்-ஏ அணியின் ஊர். அந்தப் படத்தை எழுதி இயக்கிய ரான் ஷெல்டனே முன்பு மைனர் லீக் வீரர்தான். படத்துக்காக வைத்த காளை விளம்பரப் பலகையின் நினைவாக, 1995-ல் திறந்த மைதானத்திலும் காளை ஒன்று நிற்கிறது. அங்கிருந்து மேற்கே போனால் கிரீன்ஸ்பரோ, வின்ஸ்டன்-சேலம். தெற்கே திரும்பினால் கன்னாபோலிஸ், சார்லட். கடைசியில் மலையடிவாரத்து ஆஷ்வில். அங்குள்ள மெக்கார்மிக் மைதானம் 1924-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 470 கிலோமீட்டர். நம்ம சென்னையிலிருந்து மதுரை போகிற தூரம்தான்!

இதில் ஒரு சுவாரசியம். 2021 மறுசீரமைப்பில் கன்னாபோலிஸ் லோ-ஏ, வின்ஸ்டன்-சேலம் ஹை-ஏ, சார்லட் டிரிபிள்-ஏ என்று மூன்றும் சிகாகோ ஒயிட் சாக்ஸ் என்ற ஒரே கிளப்பிடமே தொடர்ந்தன. டபுள்-ஏ மட்டும் அலபாமாவின் பர்மிங்ஹாமில். அப்போ இந்த ஒரே சாலைப் பயணத்தில் ஒரு கிளப்பின் ஏணியில் மூன்று படிகளைப் பார்த்துவிடலாம். கன்னாபோலிஸில் கண்களில் கனவோடு பத்தொன்பது வயசுப் பையன். சார்லட்டில், மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்த முப்பது வயசு அண்ணன். இரண்டு பேரும் அதே நீலப் பேனாவில் கையெழுத்துப் போடுவார்கள்.

பயணம் போடுகிறவர்கள் அட்டவணையைக் கவனிக்க வேண்டும். 2021 முதல் பெரும்பாலும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை. எந்த அணி எந்த வாரம் சொந்த ஊரில் ஆடுகிறது என்று பார்க்காமல் போனால் பூட்டிய கேட்டைத்தான் பார்க்க வேண்டும். அதனால் ஆறு ஊரையும் ஒரே வாரத்தில் முடிப்பது லேசில்லை. என் நோட்டில் மட்டும் முடிந்தது!

படிக்கிற மாதிரி எழுது!

ஹார்மன் கில்லிப்ரூ என்றொரு பழைய வீரர். 573 ஹோம் ரன் அடித்தவர். 2011-ல் காலமானார். டோரி ஹன்டர் என்ற இளம் வீரர் அவசரமாகக் கிறுக்கிய கையெழுத்தைப் பார்த்துவிட்டு, யார் போட்டது என்று தெரிகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் எழுது என்று அவர் கண்டித்தாராம். ஹன்டர் அதன்பிறகு ஒழுங்காகவே எழுதினார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்க வீடு ஞாபகம் வந்தது. ரேஷன் கடையிலும் கூட்டுறவு வங்கியிலும் அப்பா கைநாட்டுதான் வைப்பார். மை ஒட்டிய கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே வருவார். பத்தாவது ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போடவேண்டிய அன்று, முந்தின ராத்திரியே ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "இதுதான் உன் பேரா?" என்று கேட்டார். பெயரை எழுதுவது சின்ன விஷயம் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

கையெழுத்துப் போடுகிறவர் என்ன சாப்பிட்டார்?

ஆட்டோகிராஃப் வாங்குகிற நாம் கேட்க மறக்கிற கேள்வி இது. 2021-க்கு முன்னால் சிங்கிள்-ஏ வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் வாரம் 290 டாலர். அதுவும் ஆட்டம் நடக்கும் மாதங்களில் மட்டும். வசந்த காலப் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. வாடகைக்குக் காசில்லாமல் ஒரே வீட்டில் பல பேர் தரையில் படுத்தார்கள். சீசன் முடிந்ததும் வேறு வேலைக்குப் போனார்கள். 2014-ல் சில வீரர்கள் வழக்குப் போட்டார்கள். ஆனால் 2018-ல் வந்த ஒரு சட்டம், எத்தனை மணி நேரம் உழைத்தாலும் வாரம் 40 மணி நேரத்துக்கு மட்டும் குறைந்தபட்சக் கூலி கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டது!

"பயிற்சிதானே, நாளைக்குப் பெரிய ஆளாவே, இன்னைக்குப் பொறுத்துக்கோ" என்பதுதான் எப்போதும் கிடைத்த பதில். அப்ரண்டிஸ் போன நம்ம சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த வசனம் அவர்களுக்கும் புதுசில்லை.

பிறகு ஒன்று நடந்தது. மேஜர் லீக் வீரர்களுக்கு 1966 முதலே பலமான தொழிற்சங்கம் உண்டு. மைனர் லீக் வீரர்கள் அதில் இல்லை. 2022 ஆகஸ்ட் கடைசியில் அந்தச் சங்கம் இவர்களுக்கும் உறுப்பினர் அட்டை அனுப்பியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களில் பாதிக்கு மேல் சில நாட்களிலேயே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பரில் லீக் நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்தது. பழைய வழக்கும் 2022-ல் 185 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. தங்க இடம் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அந்த ஆண்டே வந்தது.

2023-ல் முதல் கூட்டு ஒப்பந்தம். லோ-ஏ வீரருக்கு ஆண்டுக்கு 11,000 டாலராக இருந்த குறைந்தபட்சம் 26,200 ஆனது. டிரிபிள்-ஏ-யில் 17,500 என்பது 35,800 ஆனது. எல்லாம் இனிப்பு இல்லை. ஒரு கிளப் வைத்துக்கொள்ளக்கூடிய உள்நாட்டு மைனர் லீக் வீரர்களின் உச்சவரம்பு 2024 முதல் 180-லிருந்து 165 ஆனது. சம்பளம் கூடியது, இடம் குறைந்தது. இருந்தாலும் இருக்கிறவன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போகலாம்.

யோசித்துப் பாருங்கள். அதே கை, அதே மாதிரி பேனா. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற பையனின் பந்தில் போட்டால் அது ஞாபகார்த்தம். சக வீரர்களோடு சேர்ந்து அட்டையில் போட்டால் அது சோறு.

இன்னும் சில மாதத்தில் நம்ம காலேஜிலும் ஆட்டோகிராஃப் நோட்டுகள் சுற்ற ஆரம்பிக்கும். யார் எந்தப் படிக்குப் போவோம் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதனால்தான் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு. என் நோட்டு உங்களிடம் வரும்போது தயவுசெய்து கிறுக்காதீர்கள். கில்லிப்ரூ சொன்ன மாதிரி, எங்க அப்பாவிடம் காட்டினால் "இது யார் பேருப்பா?" என்று அவர் கேட்க, நான் தடுமாறாமல் வாசித்துச் சொல்கிற மாதிரி எழுதுங்கள்.



— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்