செஸ் எஞ்சின் எங்கே ஓடினால் என்ன?

லேப்டாப்பில் ஸ்டாக்ஃபிஷை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஃபேன் அலற ஆரம்பிக்கும், அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி சுடும், சூடு ஏறியதும் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிள்ளை டோர்னமென்ட் ஆடுகிற வீடுகளில் இந்தக் கட்டத்தில்தான் "பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கிடலாமா?" என்ற பேச்சு எழும். லட்சத்தைத் தாண்டக்கூடிய செலவு. அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: பலகையைக் காட்டுகிற கம்ப்யூட்டரும் யோசிக்கிற கம்ப்யூட்டரும் ஒன்றாக இருக்க வேண்டியதே இல்லை.

இது புது யோசனையும் இல்லை. 1966-67ல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஐபிஎம் 7090க்கும் மாஸ்கோவில் இருந்த ஒரு சோவியத் கணினிக்கும் தந்தி வழியாகவே போட்டி நடந்தது. நாலு ஆட்டம் முடிய ஒன்பது மாசம் ஆச்சு; மாஸ்கோ 3-1 என்று ஜெயித்தது. 1970ல் நியூயார்க்கில் செஸ் புரோகிராம்களுக்கென்றே நடந்த போட்டியிலும் பெரும்பாலான கணினிகள் அரங்கத்துக்கு வரவில்லை. அறை அளவு இயந்திரத்தை யார் தூக்கிக்கொண்டு வருவது? நகர்த்தல்கள் டெலிபோன் லைனில் வந்து சேர்ந்தன.

இன்று இது இவ்வளவு எளிதாக இருப்பதற்குக் காரணம் யூசிஐ என்ற ஒப்பந்தம். ருடால்ஃப் ஹூபர், ஷ்ரெடர் எஞ்சினை எழுதிய ஸ்டெஃபான் மேயர்-காலன் இருவரும் 2000ல் வெளியிட்டது. இதன்படி எஞ்சினுக்குப் பலகையும் தெரியாது, மவுஸும் தெரியாது. ஒரு பக்கம் எழுத்து வரிகள் உள்ளே போகும், மறுபக்கம் எழுத்து வரிகள் வெளியே வரும். "இதுதான் நிலை, யோசி" என்று ஒரு வரி போனால், "இத்தனை ஆழம் பார்த்தேன், மதிப்பு இவ்வளவு, இந்த வரிசை நல்லது" என்று பல வரிகள் திரும்பி வரும். கடைசியில் "இதுதான் சிறந்த நகர்த்தல்" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

வெறும் எழுத்து என்பதால் அந்தக் குழாயை எவ்வளவு தூரத்துக்கும் நீட்டலாம். நாம் சர்வரில் நுழையப் பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச் போதும். "அந்தக் கம்ப்யூட்டருக்குப் போய் ஸ்டாக்ஃபிஷை ஓட்டு" என்று ஒரே ஒரு எஸ்எஸ்ஹெச் கட்டளையை ஒரு சின்ன ஸ்க்ரிப்டில் போட்டு, அந்த ஸ்க்ரிப்டையே எஞ்சின் என்று செஸ் மென்பொருளிடம் காட்டினால் அது நம்பிவிடும். கவனிக்க வேண்டியது இரண்டு. பாஸ்வேர்ட் கேட்டால் தட்டச்சு செய்ய அங்கே ஆள் இல்லை, அதனால் சாவி வழி லாகின் வேண்டும். டெர்மினல் ஒதுக்கப்படாமல் இருப்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாம் அனுப்பிய வரியே எதிரொலி மாதிரி திரும்பி வந்து குழப்பும்.

சிலர் நடுவில் சொந்தமாக ஒரு பைத்தான் புரோகிராம் வைப்பார்கள், லாக் எடுப்பதற்காக. அங்கேதான் வழக்கமான தலைவலி. எஞ்சின் பதில் சொல்லிவிடும், ஆனால் பலகைப் பக்கம் ஒன்றுமே வராது. குழாயில் எழுதும்போது பைத்தான் வரிகளைச் சேர்த்துவைத்து மொத்தமாகத்தான் தள்ளும். ஒவ்வொரு வரியையும் உடனே தள்ளு என்று சொன்னால் சரியாகிவிடும். நெட்வொர்க்கைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று, செட்டிங்கில் கொடுக்கும் ஃபைல் பாதை எல்லாம் தூரத்துக் கம்ப்யூட்டரின் பாதை. ஸிஸிஜி என்டிங் டேபிள் உங்கள் டிஸ்க்கில் இருந்து பலன் இல்லை, அங்கே இருக்க வேண்டும். ஐந்து காய் வரைக்கும் சுமார் 1 ஜிபிதான். ஆறு காய் சேர்த்தால் 150 ஜிபி, வாடகை டிஸ்க்கில் அதற்கும் காசு.

சரி, தூரம் வேகத்தைப் பாதிக்காதா? ஆராய்ச்சிக்குப் பாதிக்காது. யோசனை முழுவதும் அங்கேயே நடக்கிறது. கம்பியில் வருவது சில வரி எழுத்து மட்டும். அமெரிக்காவில் இருக்கும் சர்வருக்கு இங்கிருந்து போய் வர 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். ஒரு நிலையைப் பத்து நிமிஷம் அலசுகிறவருக்கு அது ஒரு பொருட்டா? ஆனால் எஞ்சின்களைக் கடிகாரம் வைத்து மோதவிட்டால் கதை வேறு. கடிகாரம் ஓடுவது உங்கள் கம்ப்யூட்டரில். நடுவில் கடல் இருப்பது எஞ்சினுக்குத் தெரியாது. ஸ்டாக்ஃபிஷ் ஒரு நகர்த்தலுக்கு இயல்பாக ஒதுக்கும் உபரி நேரம் வெறும் 10 மில்லிசெகண்ட். அதை 300, 400 என்று உயர்த்தாவிட்டால் ஜெயிக்கிற ஆட்டத்தில் நேரம் தீர்ந்து தோற்கும்.

எஸ்எஸ்ஹெச் எதற்கு, எஞ்சினை ஒரு போர்ட்டில் நேரடியாகத் திறந்துவிடலாமே என்று தோன்றலாம். தயவுசெய்து வேண்டாம். யூசிஐயில் "நீ யார்" என்ற கேள்வியே கிடையாது. ஸ்டாக்ஃபிஷில் லாக் ஃபைல் எங்கே எழுத வேண்டும் என்று சொல்ல ஒரு செட்டிங் உண்டு. போர்ட்டைக் கண்டுபிடித்த எவரும் உங்கள் முக்கியமான ஃபைல் ஒன்றின் பெயரை அங்கே கொடுக்கலாம். அனுமதி இருந்தால் எஞ்சின் கீழ்ப்படிந்து அதன் மேலேயே எழுதிவிடும். செஸ் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இனி காசு. கிளவுட் கம்பெனிகள் விற்கும் "16 விசிபியு" என்பது பெரும்பாலும் எட்டு நிஜ கோர்தான், ஒவ்வொன்றையும் இரண்டாக எண்ணியிருப்பார்கள். மலிவான சில மெஷின்கள் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். வெப்சைட்டுக்குச் சரி, செஸ்ஸுக்கு ஆகாது. மாறாக, எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு தள்ளுபடியில் தரும் மெஷின்கள் நமக்குப் பொருத்தம். நடுவில் போனால் ஒரு அலசல்தானே போகும்.

பில் ஏறுவது வேறு இடத்தில். இணைப்பு முறையாக முடிந்தால் ஸ்டாக்ஃபிஷ் தானே வெளியேறிவிடும். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டால் சர்வருக்கு அது உடனே தெரியாது, எஞ்சின் யோசித்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் நின்றாலும் மெஷின் நிற்காது, மீட்டர் ஓடும். வேலை இல்லாமல் அரை மணி இருந்தால் மெஷினையே ஷட்டவுன் செய்யும் ஸ்க்ரிப்ட் ஒன்றை முதல் நாளே போட்டுவிடுங்கள். ஷட்டவுன் ஆனால் வாடகை நிற்குமா என்பதையும் கம்பெனியின் விதிகளில் பாருங்கள், சில இடங்களில் அழித்தால்தான் நிற்கும்.

லீலா மாதிரி ஜிபியு கேட்கும் எஞ்சின் என்றால் வாடகைதான் என் ஓட்டு. டோர்னமென்ட்டுக்கு முந்தின வாரம் சில மணி நேரம் எடுத்தால் போதும், வருஷம் முழுக்க அந்தக் கார்டு வீட்டில் தூசி படிய வேண்டாம். ஸ்டாக்ஃபிஷ் மட்டும் என்றால் முதலில் வீட்டு மெஷினில் 'பெஞ்ச்' என்ற கட்டளையைக் கொடுத்து, செகண்டுக்கு எத்தனை நிலைகள் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மணி நேர வாடகை மெஷினில், அந்த பிராசஸருக்கு உரிய ஸ்டாக்ஃபிஷ் பில்டை இறக்கி, அதே கட்டளை. இரண்டு பக்கமும் த்ரெட் எண்ணிக்கையை நீங்களே கொடுங்கள், சும்மா விட்டால் ஒரே ஒரு த்ரெட்டில்தான் அளக்கும். வேகம் இரண்டு மடங்குதான் என்றால், வீட்டு லேப்டாப்பை இரண்டு மடங்கு நேரம் ஓடவிட்டாலே ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்துவிடலாம். ஃபேன் சத்தத்துக்கு அடுத்த ரூமில் வைத்தால் ஆச்சு, எஸ்எஸ்ஹெச் அங்கேயும் எட்டும்.